எலியாஸ் மக்காலன் குறித்து என் கருத்து

அக்டோபர் 1, புதன்

முதலில் ஒரு திருத்தம். எங்கள் அடுக்ககத்தில், நான் ஒரு மாட்டுக்காரனிடம் மனதைப் பறிகொடுத்துவிட்டதாகப் பேச்சு. அது தவறு. எலியாஸ் மக்காலன் மாட்டுக்காரர் அல்ல. பதினோராயிரம் ஏக்கர் பண்ணைக்குச் சொந்தக்காரர். மாடு மேய்க்க அவரிடம் ஆட்கள் இருக்கிறார்கள். மேலும் எனக்கு எழுபத்தாறு வயது. பறிகொடுக்கும்படி மனதை நான் வெளியே வைப்பதில்லை.

பேச்சைக் கிளப்பியவர் சங்கச் செயலாளர் திரு. தனபாலன். தண்ணீர்த் தொட்டி கழுவும் நாளைச் சொல்ல வந்தவர், நான் தொலைக்காட்சியைப் பார்த்து, “எலியாஸ், மழை வருகிறது, தொப்பியைப் போடுங்கள்” என்று சொன்னதைக் கேட்டுவிட்டார். மழை வரத்தான் செய்தது.

செப்டம்பர் தொடக்கத்தில் கோவில் படியில் கணுக்கால் முறிந்தது. குற்றம் படியினுடையது. இந்த மாதக் கடைசி வரை மாவுக்கட்டு. காலைப் பூசைக்குப் போக முடியாது. எதிர் வீட்டு மாரிச்செல்வி, வங்கியில் வேலை பார்ப்பவள், பொழுது போகட்டும் என்று ‘மக்காலன் பண்ணை’ என்ற அமெரிக்கத் தொடரைத் தமிழ்க் குரலில் வைத்துக் கொடுத்தாள். குதிரை, துப்பாக்கி, மலை எல்லாம் உண்டு. ஆனால் காலம் இந்தக் காலம்; எல்லோரிடமும் கைப்பேசி இருக்கிறது. வெள்ளிதோறும் ஓர் அத்தியாயம் வருகிறது.

தமிழ்க் குரல் கொடுத்தவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அங்கத்திய போலீஸ் அதிகாரி “ஏலே, துப்பாக்கியக் கீழ போடுதியா இல்லையா?” என்கிறார். அவர் ஊர் எங்கள் ஊருக்குப் பக்கம் போலிருக்கிறது.

அக்டோபர் 3, வெள்ளி

இன்றைய அத்தியாயம் முக்கியமானது. மக்காலன் மாடுகளுக்குத் தொடையில் சூட்டுக்கோலால் இரண்டு ஆங்கில எழுத்துகள் போடுவது வழக்கம். ‘ஈ’ எலியாஸுக்கு, ‘ஆர்’ தங்கை ரூத்துக்கு. தகப்பனார் ஏற்படுத்தியது. ரூத் திருமணமாகி ஆற்றுக்கு அக்கரை போய்விட்டாள். தாயார் இறந்த பிறகு எலியாஸ் புதிய சூட்டுக்கோல் அடித்தார். அதில் ‘ஈ’ மட்டும். அன்றிலிருந்து அண்ணனும் தங்கையும் பேசுவதில்லை.

தொடருக்குக் கீழே நேயர்கள் கருத்து எழுதும் இடம் இருக்கிறது என்று மாரிச்செல்வி காட்டினாள். வாசித்தேன். மதிப்பெண்களுடன் சில:

“தல எலியாஸ் வெறித்தனம்.” வினைச்சொல் இல்லை. பத்துக்கு இரண்டு.

“ரூத் பாவம், அழுதுட்டேன்.” காரணம் கூறப்படவில்லை. மூன்று.

“முதல் கமெண்ட்.” பூஜ்யம்.

ஒருவருக்கும் பெயர் இல்லை. ‘கிங் 77’, ‘சிங்கக்குட்டி’, ‘சோகமான தோசை’. இதற்கு எங்கள் காலத்தில் ஒரு பெயர் உண்டு: மொட்டைக் கடிதம். கான்வென்டில் சிஸ்டர் ஒத்திலியா சொல்வார், பெயரும் முகவரியும் இல்லாமல் அபிப்பிராயம் சொல்கிறவர், முகமூடி போட்டு விருந்துக்கு வருகிறவர் என்று. எழுதி அனுப்பும் எதற்கும் ஒரு படி எடுத்து வைக்க வேண்டும் என்றும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். ஆங்கிலத்தில் எழுதவும் அவர்தான் கற்பித்தார். ஆனால் மனத்தாங்கல் எனக்குத் தமிழில்தான் ஒழுங்காக வருகிறது.

ஒரு தாளில் என் கருத்தை எழுதிவிட்டேன். சுருக்கம்: எலியாஸ் செய்தது சரி. தாயாருக்குக் கடைசி ஏழு வருடம் கஞ்சி ஊட்டியவர் அவர். கவனித்துக்கொண்டவர் பெயர்தான் நிற்கும். மற்றவர்கள் விருந்தாளிகள்.

அக்டோபர் 4, சனி

மாரிச்செல்வி தாளைப் பார்த்துக் கைப்பேசியில் அடித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

“ஆன்ட்டி, இது என்னது? ‘விடுநர், திருமதி செலஸ்டீனா மச்சாது, கதவு எண் 3பி…’ அட்ரஸ்லாம் போடக் கூடாது ஆன்ட்டி.”

“கடிதம்னா விடுநர் வேணும்.”

“இது கடிதம் இல்ல, கமெண்ட்டு. ஊரு ஒலகமே பாக்கும். எவனாவது வீட்டுக்கு வந்துருவான்.”

“வரட்டும். பெல் அடிச்சிட்டு வரச் சொல்லு.”

“பின்கோடு கூடவா போடணும்?”

“பின்கோடு இல்லாம எப்படிச் சேரும்?”

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் போட்டாள். பின்கோடு ஓர் எண் தவறாக இருந்தது, திருத்தச் சொன்னேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

என் கருத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு பதில்கள். “பாட்டி, ரேஷன் கார்டு நம்பரையும் போடுங்க” என்று ஒருவர். “இதான் ஒரிஜினல் ரூத்தோட மாமியார்” என்று ஒருவர். இது பரவாயில்லை. ஐந்து.

மதியம் என் பெயருக்கு எட்டுப் புரோட்டாவும் சால்னாவும் வந்தன. நான் வரவழைக்கவில்லை. முகவரியைப் பார்த்து யாரோ குறும்புக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்றாள் மாரிச்செல்வி. ஐந்தை அவள் வீட்டுக்குக் கொடுத்தேன். சால்னா நன்றாக இருந்தது. நன்றிக் கடிதம் எழுத அனுப்பியவரின் முகவரி இல்லை. மொட்டைக் கடிதத்தின் குறை இதுதான்.

அக்டோபர் 9, வியாழன்

தபாலில் மூன்று கடிதங்கள். என் மாவுக்கட்டைச் சுவரில் இடித்துக்கொள்ளும் அளவுக்கு வேகமாகக் கதவுக்குப் போனேன். காங்கேயத்திலிருந்து ஒருவர் தன் குதிரையின் புகைப்படத்தை அனுப்பி, எலியாஸின் குதிரையைவிட இது உயரம் என்கிறார். உயரம்தான். மதுரை ஆசிரியர் ஒருவர் என்னை முழுவதும் ஆதரிக்கிறார். சாத்தூரிலிருந்து ஓர் அம்மாள் சேவு அனுப்பி, எலியாஸ் மறுமணம் செய்வாரா என்று கேட்கிறார். மாட்டார் என்று பதில் எழுதினேன்.

அக்டோபர் 11, சனி

இன்று ஒரே கடிதம். நீல மை. கையெழுத்து வலப்பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வுக்காக சிஸ்டர் ஒத்திலியா அளவுகோலால் விரலில் தட்டியிருக்கிறார்; அப்படியும் நிமிரவில்லை.

“மதிப்பிற்குரிய திருமதி மச்சாது அவர்களுக்கு,

‘மக்காலன் பண்ணை’ குறித்துத் தாங்கள் எழுதிய கருத்தைக் கண்டேன். தங்கள் புதிய முகவரியை அதில்தான் அறிந்தேன். எலியாஸ் தாயைக் கவனித்துக்கொண்டதை நான் மறுக்கவில்லை. ரூத் அக்கரையில் இருந்தது கணவரின் வேலையால்; ஆசையால் அல்ல. ‘ஆர்’ என்ற எழுத்து ஒரு விரல் அகலம். அதற்கு இரும்பில் இடமில்லாமல் போயிருக்காது.

இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள,
பெர்பெத்துவா பீரிஸ், திண்டுக்கல்.”

கீழே தொலைபேசி எண்.

எழுதியவர் எனக்குத் தெரிந்தவர். தங்கை முறை. சரியாகச் சொன்னால், தங்கை. வடக்கே பிலாயில் கணவரோடு இருந்தவள். ஓய்வுபெற்று திண்டுக்கல் வந்திருப்பார்கள் போலிருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஐந்து வருடத்துக்கு முன் என் கணவர் காலமானபோது நான் இந்த வீட்டுக்கு மாறியதை அவளுக்கு அறிவிக்கவில்லை. அறிவிப்பு நாளிதழில் வந்தது. வாசிக்கிறவர்கள் வாசித்திருப்பார்கள்.

கடிதத்துக்கு ஏழு. வாதம் உணர்ச்சிவசப்பட்டது.

அக்டோபர் 13, திங்கள்

பதில் அனுப்பினேன்.

“மதிப்பிற்குரிய திருமதி பீரிஸ் அவர்களுக்கு, இரண்டு எழுத்துச் சூடு மாடுகளுக்கு வலி அதிகம். எலியாஸ் இதைக் கருதியிருக்கலாம்.”

மூன்று முறை வாசித்தேன். மூன்றாவது முறை அவ்வளவு நன்றாக இல்லை. ஆனால் உறையை ஒட்டிவிட்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

அவள் பதில். இம்முறை தாள் முழுவதும் எழுதவில்லை.

“மாடுகளிடம் கேட்டார்களா?

இன்னொரு சந்தேகம். தாய் இறந்த செய்தி ரூத்துக்கு எப்படி அனுப்பப்பட்டது என்பது எந்த அத்தியாயத்திலும் காட்டப்படவில்லை. பண்ணை வீட்டுக் கூடத்தில் தொலைபேசி இருக்கிறது. நேயர்கள் அறிய விரும்புகிறார்கள்.”

மதிப்பெண் போடவில்லை. ரசத்துக்கு உப்புப் போட்டேனா என்று நினைவில்லை. போட்டிருக்கிறேன். இரண்டு முறை.

அக்டோபர் 17, வெள்ளி

ரூத்துக்கு நெஞ்சு வலி. எலியாஸுக்கு யாரோ சொல்கிறார்கள். அவர் வேலியைப் பழுது பார்க்கிறார். ஏற்கெனவே நன்றாக இருந்த வேலி.

“ஆன்ட்டி, இன்னைக்கி கமெண்ட் இல்லையா?” என்றாள் மாரிச்செல்வி.

“இன்னைக்கி எனக்குக் கருத்து இல்ல.”

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மாரிச்செல்வி அதிரசம் கொடுத்தாள். நல்ல பாகு.

அக்டோபர் 21, செவ்வாய்

கொத்தனார் சவரிமுத்து வந்தார். நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். அதற்குள் கல்லறைகளுக்கு வெள்ளையடிக்க வேண்டும். வருடந்தோறும் நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். இந்த வருடம் கட்டு. அவர் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“ஐயா கல்லறை நல்லாருக்கு டீச்சரம்மா. ஒங்க அம்மா கல்லுலதான் எழுத்து மங்கிப் போச்சி. கறுப்பு அடிச்சிருதேன்.”

நான் ஆசிரியை அல்ல. முப்பது வருடமாகச் சொல்கிறேன்.

“அந்த எழுத்துக்குக் கீழ ஒரு லில்லிப் பூ செதுக்கிருக்கில்லா, அது மூளியாயிட்டு. எடுத்திருவமா? எடுத்தா நல்ல எடம் கெடக்கு. ஒரு சாண் இருக்கும்.”

“யோசிச்சுச் சொல்றேன்.”

“அன்னைக்கே நாங் கேட்டேனே, இன்னொரு பேரு போடணுமா அம்மான்னு. நீங்கதான் பூவப் போடுன்னு சொன்னிய.”

சவரிமுத்துவுக்கு நினைவாற்றல் அதிகம். கொத்தனாருக்கு அது தேவையில்லை.

கல்லில் உள்ளது: ‘தாயார் எஸ்கொலாஸ்திக்காவின் நினைவாக, அன்பு மகள் செலஸ்டீனா.’ முப்பதாம் நாள் செபத்தன்று வைத்தோம். பெர்பெத்துவா அதைப் பார்த்தாள். என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் சாயங்கால ரயிலுக்குப் போனாள். பதினாறு வருடம். அவள் பெயர் நீளம், இடமில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இன்று எண்ணிப் பார்த்தேன். என் பெயருக்கு ஐந்து எழுத்து. அவள் பெயருக்கு ஆறு.

செய்தி அனுப்பவில்லை என்று அவள் சொல்ல முடியாது. அனுப்பினேன். எழுத்தில். பதிவுத் தபாலில். ரசீது பீரோவில் இருக்கிறது. அம்மா இறந்தது செவ்வாய். கடிதம் பிலாய்க்குப் போய்ச் சேர்ந்தது அடுத்த திங்கள். அது தபால்காரர்களின் வேகம்.

கூடத்தில் தொலைபேசி இருந்தது என்பதும் உண்மை.

அக்டோபர் 24, வெள்ளி

கடைசி அத்தியாயம். திரு. தனபாலன் தன் வீட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் வீட்டில் கிரிக்கெட் ஓடுகிறதாம். முதல் அத்தியாயத்திலிருந்து ஒன்று விடாமல் பார்த்திருக்கிறார் என்பது அவர் கேட்ட கேள்விகளில் தெரிந்தது. மாரிச்செல்வியும் விடுப்புப் போட்டிருந்தாள்.

எலியாஸ் இரண்டு எழுத்துகளோடு புதிய சூட்டுக்கோல் அடிக்கிறார். அதை ரூத்துக்குக் காட்ட வேண்டும். ஆற்றங்கரை வரை குதிரையில் போகிறார். அங்கே நிற்கிறார். பிறகு ஒரு கடிதம் எழுதி, பண்ணையாள் கையில் கொடுத்து அக்கரைக்கு அனுப்புகிறார். பண்ணையாள் வழியில் ஒரு மதுக்கடையில் இறங்குகிறான். கடிதம் போய்ச் சேரும்போது ரூத்தின் வீட்டில் விளக்குகள் எல்லாம் எரிகின்றன. வாசலில் ஆட்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்கிறார்கள்.

திரு. தனபாலன் அழுதார். மாரிச்செல்வி மூக்கைச் சிந்தினாள். நான் அழவில்லை. நான் எப்போதுமே யார் முன்னாலும் அழுவதில்லை; வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

“எக்கா, அந்தாளு சட்டப்பையப் பாத்தியளா?” என்றார் திரு. தனபாலன், மூக்கு அடைத்த குரலில். “பையில போனு இருக்கு! வெளிச்சம் மின்னுது! எடுத்து ஒரு வார்த்த பேசியிருந்தா அந்தப் பொம்பள கேட்டுட்டுச் செத்திருப்பால்லா? என்ன மனுசன்யா இவன்?”

அவர் என்னை அக்கா என்று அழைத்தது இதுவே முதல் முறை. கவனிக்காததுபோல் இருந்துவிட்டேன்.

கருத்துப் பகுதியை மாரிச்செல்வி வாசித்துக் காட்டினாள். எல்லாவற்றுக்கும் மேலே, ஒன்பதாயிரம் பேர் விரும்பியதாக ஒரு கருத்து. எழுதியவர் ‘சோகமான தோசை’.

“பெரிசு, போன் பாக்கெட்லயேதான இருக்கு.”

வினைச்சொல் இருக்கிறது. காரணமும் இருக்கிறது. பத்துக்குப் பத்து.

அக்டோபர் 25, சனி

காலை பத்து மணிக்கு மாரிச்செல்வியைக் கூப்பிட்டு, கடிதத்தின் கீழே இருந்த எண்ணை அழுத்தச் சொன்னேன். என் விரலுக்கு அந்தக் கண்ணாடி கேட்பதில்லை.

“ஹலோ?” குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. வயதாகிவிட்டது அவளுக்கு. எழுபத்திரண்டு.

“நான்தான்.”

“நான்தான்னா யாரு?”

“திருமதி மச்சாது. தூத்துக்குடி.”

அங்கே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது.

“எந்த மச்சாது? கமெண்ட் எழுதுத மச்சாதுவா?”

“ஆமா.”

“கடைசி அத்தியாயம் பாத்தாச்சா?”

“பாத்தாச்சு.”

“சட்டப்பையில போன வச்சிக்கிட்டு, குடிகாரன்ட்ட கடுதாசி குடுத்துவிட்டான் பாத்தியாக்கா, குதிரை மூஞ்சிக் கெழவன்!”

அக்கா என்று வந்துவிட்டது அவளுக்கு. திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

“அவரு மூஞ்சியச் சொல்லாத” என்றேன்.

“சொல்லுவேன். நல்லாச் சொல்லுவேன். ஏன்க்கா அப்படிச் செஞ்சான்? எனக்கு அது மட்டும் தெரியணும். ஒரு போனு. ‘ஏட்டி, கெளம்பி வா’ன்னு ஒரு வார்த்த. ஏன் செய்யல?”

வாயைத் திறந்தேன். கை பேனாவைத் தேடியது. மாரிச்செல்வி, யாரும் கேட்காமலே, தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள். தண்ணீர்ச் செம்பு என் பக்கத்திலேயே இருந்தது.

“அக்கா? இருக்கியா?”

“ம்.”

“சரி, விடு. எழுது. ஒனக்கு எழுதுனாத்தான் வாயி வரும். சின்னப் புள்ளையிலேருந்தே அப்படித்தான நீ.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “ஆனா மாட்டுக்கு வலிக்கும்னு மட்டும் மறுபடி எழுதுனன்னு வையி, கிழிச்சிப் போட்டுருவேன்.”

நான்கு நிமிடம் பத்து விநாடி என்று கைப்பேசி காட்டியது.

அக்டோபர் 27, திங்கள்

நேற்று ஞாயிறு, ஐந்து தாள்களைக் கிழித்தேன். ஆறாவது இன்று விரைவுத் தபாலில் போனது. திரு. தனபாலன் தானே தபால் நிலையத்துக்கு எடுத்துப் போனார். வழியில் எங்கும் இறங்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். “எக்கா, நான் அந்தப் பண்ணையாள் இல்ல” என்றார். படி இதோ:

“அன்புள்ள பெர்பெத்துவா,

நேயர்கள் கேட்ட கேள்விக்குப் பதில்.

அன்று காலை ஐந்தரைக்கு அம்மா போனார்கள். நான் கூடத்துக்கு வந்து தொலைபேசியை எடுத்தேன். உன் எண்ணில் ஐந்து இலக்கம் சுழற்றினேன். மிச்சமும் சுழற்றினால் நீ எடுப்பாய். எடுத்தால் நான் ‘அம்மா’ என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லுக்குப் பிறகு என் குரல் உடைந்துவிடும் என்று தெரிந்தது. வீடு முழுக்க ஆட்கள். வைத்துவிட்டேன். உட்கார்ந்து கடிதம் எழுதினேன். எழுத்துக்குக் குரல் வேண்டாம். முறைப்படி செய்தேன் என்று பதினாறு வருடம் சொல்லிக்கொண்டேன். முறையில் தவறு இல்லை. ஆனால் அம்மாவின் முகத்தை நீ பார்க்காமல் போனது அதனால்தான்.

நீ பத்தாம் நாள் வந்தாய். என்னைப் பார்த்துக் கத்தியிருந்தால் பரவாயில்லை. நீ கேட்டது, ‘அம்மா என்னைக் கேட்டாங்களா அக்கா?’ என்று. கேட்டார்கள். உன்னைத்தான் கேட்டார்கள். ஏழு வருடம் கஞ்சி ஊட்டியவளை விட்டுவிட்டு உன்னைக் கேட்டார்கள். அதை உன்னிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘நினைவு தப்பிவிட்டது’ என்று சொன்னேன். அடுத்த வாரம் கல்லுக்குப் பூ போடச் சொன்னேன். இடம் இருந்தது. நீ சொன்னதுபோல் ஒரு விரல் அல்ல, ஒரு சாண்.

இப்போது காரியம். நாளை மறுநாள் என் மாவுக்கட்டைப் பிரிக்கிறார்கள். சவரிமுத்து சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு உளியோடு கல்லறைக்கு வருகிறார். லில்லிப் பூவை எடுத்துவிடச் சொல்லியாகிவிட்டது, அது மூளிதான். அந்த இடத்தில் உன் பெயர் வரும். எனக்குத் தெரிய வேண்டியது: பெர்பெத்துவா என்று மட்டும் போடவா, பீரிஸ் சேர்க்கவா? ‘அன்பு மகள்’ என்பதை ‘அன்பு மகள்கள்’ என்று மாற்றினால் போதுமா, அல்லது உனக்குத் தனியாக ஒரு ‘அன்பு’ வேண்டுமா? இதை நான் முடிவு செய்ய மாட்டேன். முன்பு ஒரு முறை நானே முடிவு செய்து பார்த்தாயிற்று.

வெள்ளிக்கிழமைக்குள் தயவுசெய்து எழுத்தில் பதில் தரவும். தபாலுக்கு நேரம் போதாது என்றால் நீயே கையில் கொண்டுவந்து கொடுக்கலாம். ஆனால் அப்போதும் அது எழுத்தில்தான் இருக்க வேண்டும்.

செலஸ்டீனா
கதவு எண் 3பி (பெல் அடிக்கவும்)”